பிறர் வெற்றி, பிறர் தோல்வி

ஜினர் என்னும் சொல்லுக்கு வென்றவர் என்பது பொருள். நாம் நாள்தோறும் வணங்கும் பெயரிலேயே வெற்றி அடங்கியிருக்கிறது. ஆயினும் அப்பெருமான் வென்றது தம்முள்ளே குடியிருந்த கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களை. அந்த வெற்றியில் தோற்றவர் என்று எவரும் இல்லை. உலகில் காணும் ஏனைய வெற்றிகளுக்கெல்லாம் தோற்றவர் ஒருவர் வேண்டும். விளையாட்டும் இதற்கு விலக்கன்று. ஓர் அணி இரண்டு கோல் போட்டது என்றால், மற்றோர் அணி அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டது என்பதே பொருள்.

அவ்வாறாயின், ஜினரை வணங்கும் இல்லறத்தான் ஒருவன், ஒரு கால்பந்து அணி மற்றோர் அணியை வெல்ல வேண்டும் என்று மனமார விரும்பலாமா? அந்த அணி ஒரு பருவம் முழுவதும் தோற்றுக்கொண்டே போகும்போது அவன் படும் துயரம் எவ்வகையைச் சேர்ந்தது? தொலைக்காட்சியின் முன் அமரும் இளைஞர்களும், அவர்களைக் கடிந்துகொள்ளும் பெரியவர்களும் ஒரே கூரையின்கீழ் வாழும் நம் இல்லங்களில் இது விளையாட்டாகக் கேட்கப்படும் கேள்வி அன்று.

பெரியவர்களின் பக்கத்தில் வலுவான சான்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. சிராவகருக்குரிய பன்னிரண்டு விரதங்களுள் அனர்த்ததண்ட விரதமும் ஒன்று. பயனின்றிச் செய்யும் பாவத்தினின்று விலகுதல் என்பது அதன் கருத்து. உழவன் நிலத்தை உழும்போது சிற்றுயிர்கள் மடிகின்றன. அங்கே பாவம் உண்டெனினும் பயனும் உண்டு, ஒரு குடும்பம் பிழைக்கிறது. வழியே போகிறவன் காரணமின்றி ஒரு கிளையை ஒடித்து எறிந்தால் அது அனர்த்ததண்டம். இதன் ஐந்து வகைகளுள் ஒன்று அபத்தியானம், அதாவது தீய நினைவு. தத்துவார்த்த சூத்திரத்துக்குச் சர்வார்த்த சித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர், பிறருக்கு வெற்றியோ தோல்வியோ கொலையோ சிறையோ எவ்வாறு நேரும் என்று மனத்தினால் எண்ணிக்கொண்டிருப்பதே அபத்தியானம் என விளக்குகிறார். புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திரரும் வேட்டை, களவு, பிறன்மனை நயத்தல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வெற்றி தோல்வி பற்றிய நினைவையும் வைத்து விலக்குகிறார்.

கால்பந்து ரசிகன் மீது சாட்ட இதைவிட நேரான குற்றம் வேறு இராது. பிறருடைய வெற்றி, பிறருடைய தோல்வி: இவ்விரண்டையன்றி அவன் வேறு எதை எண்ணுகிறான்? அதிலும் அவனுக்கு வரும்படி ஒன்றுமில்லை. பேராசை கொண்ட வணிகனுக்கு லோபத்தின் பயனாகச் சிறிது பொருளாவது மிஞ்சுகிறது. ரசிகன் கூலியில்லாமல் வினையைச் சேர்க்கிறான். பந்தயம் கட்டி அந்தக் கூலியையும் தேட முற்பட்டால் நிலைமை இன்னும் மோசம்; ஏழு வியசனங்களில் முதலாவதாகிய சூதில் கால் வைத்தாயிற்று. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் மத்திய அரசு சட்டம் இயற்றித் தடைசெய்தது. நம் ஆசாரியர்கள் அதை எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே தடைசெய்துவிட்டார்கள்.

பந்து தோலால் ஆனது, ஆகவே ஆட்டமே ஆகாது என்று இன்னொரு தடை சொல்வார் உண்டு. அது இன்று பொருந்தாது. 1986இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்கு முழுக்கச் செயற்கைப் பொருளால் செய்த பந்து வந்தது. அதன்பின் பெரிய போட்டிகளிலிருந்து தோற்பந்து மறைந்தே போயிற்று. (காலணிகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை.) கிரிக்கெட் பந்துதான் இன்றும் தோலால் ஆனது. அதை நாள் முழுவதும் பார்க்கும் நம் வீடுகளில் இந்தத் தடையை எவரும் எழுப்பக் காணோம். பந்தாட்டம் நம் இலக்கியத்துக்கு அந்நியமும் அன்று. சீவக சிந்தாமணியில் விமலை ஆடிய பந்து தெருவில் வந்து விழுந்ததனால்தான் சீவகன் அவளைக் கண்டான்.

ஆகவே குற்றம் பந்தில் இல்லை, பார்ப்பவனின் நினைவில் இருக்கிறது. அந்த நினைவை ஆராய்வதற்கு வெல்லும் அணியைவிடத் தோற்கும் அணியே ஏற்றது. வெல்லும் அணியின் ரசிகனுக்குத் தன் மனத்தைத் திரும்பிப் பார்க்க நேரம் ஏது?

சென்னையின் எஃப்.சி. அணி, 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோதே தோன்றியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்க, சொந்த மைதானத்தில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி, பிறகு இறுதியாட்டத்தில் கோவா அணியை 3-2 என வென்று பட்டம் பெற்றது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு எஃப்.சி.யை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வென்று இரண்டாம் முறையும் பட்டம் பெற்றது. அன்று மைல்சன் ஆல்வெஸ் என்னும் பிரேசில் நாட்டுப் பின்கள வீரர், மூலையிலிருந்து வந்த பந்துகளைத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். ஆறு மாதம் கழித்து அதே பயிற்சியாளர் ஜான் கிரெகரியின் கீழ் அடுத்த பருவம் தொடங்கியது. நடுக்களத்தில் ஓயாமல் உழைக்கும் சென்னை இளைஞர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட இயலவில்லை. மற்றபடி குறை சொல்ல எதுவும் தெரியவில்லை.

2018 செப்டம்பர் 30 அன்று முதல் ஆட்டம், மீண்டும் பெங்களூருவில், 0-1. அடுத்தது சென்னையில் கோவாவுடன்; 1-3. மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 18 அன்று நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியுடன். அதில் நம்மவர்கள் 3-1 என முன்னணியில் இருந்தார்கள். பாதியாட்டத்துக்குள் 3-3 ஆயிற்று, முடிவில் 3-4. நைஜீரியாவைச் சேர்ந்த பார்தலோமியூ ஒக்பெச்சே தனியொருவராக மூன்று கோல் போட்டார். முதல் வெற்றி நவம்பரில்தான் வந்தது, புனேயில். அடுத்த வெற்றிக்குப் பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. பருவம் முடிந்தபோது 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளிகள். பத்து அணிகளில் பத்தாவது இடம். முந்திய ஆண்டின் பட்டத்தை வைத்திருந்த அணிக்கு இந்த நிலை.

அதே மாதங்களில், கோயம்புத்தூர் நேரு மைதானத்தைத் தன் களமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி எஃப்.சி. என்னும் மற்றொரு தமிழ்நாட்டு அணி ஐ-லீக் போட்டியில் முன்னேறி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று பட்டமே பெற்றுவிட்டது. வெற்றிதான் வேண்டுமென்றால் அந்த அணிக்கு மாறியிருக்கலாம். சிலர் மாறவும் செய்தார்கள். பெரும்பாலோர் மாறவில்லை என்பதுதான் ஆராயத்தக்கது.

நம் சாத்திரம் நான்கு கஷாயங்களோடு நோகஷாயங்கள் என்று ஒன்பதையும் எண்ணுகிறது. நகை, ரதி, அரதி, சோகம், அச்சம், அருவருப்பு என்னும் முதல் ஆறையும் இப்படிப்பட்ட ஒரே பருவத்தில் ஒரு ரசிகன் வரிசையாகக் கடந்துவிடுவான். முதல் தோல்வியில் சோகம். மூன்றாவது தோல்விக்குப் பின், முன்னணியில் இருக்கும்போதே அச்சம். இதுவும் கைநழுவிப் போய்விடுமோ என்ற எண்ணத்தில் அந்த முன்னணியைக்கூட அவனால் அனுபவிக்க இயலவில்லை. பிறகு அரதி, ஆட்ட நாள் வந்தால் ஒரு சலிப்பு. பிறகு தன் அணியின் மீதே அருவருப்பு. கடைசியில் தன்னையும் அணியையும் சேர்த்தே கேலி பேசும் நகை. ஆர்த்த தியானத்துக்கு விரும்பியதன் பிரிவு, விரும்பாததன் சேர்க்கை, வேதனை, நிதானம் என்று நான்கு வாயில்கள் சொல்லப்படுகின்றன. நான்காவதாகிய நிதானம் வரப்போகும் பலனுக்கு ஏங்குவது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ரசிகன் சொல்லும் ஒரு வரியில் அது முழுவதும் அடங்கிவிடுகிறது.

இத்தனையும் எதன் பொருட்டு? திருமலைராயன்பட்டினம் காரைக்காலை அடுத்த கடற்கரையூர். சென்னைக்கு இங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஆட்சி முறையில் நாங்கள் தமிழ்நாட்டையே சேர்ந்தவர்கள் அல்லர்; புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த பகுதி இது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் காரைக்காலில் இன்றும் உண்டு. அவர்கள் பிரான்ஸ் அணிக்காக மகிழ்ந்தால் அதற்கு ஒரு தாளாவது சான்றாக இருக்கிறது. எங்களுக்குச் சென்னை அணியோடு என்ன உறவு? அதன் உரிமையாளர்களுள் ஒருவர் மும்பை நடிகர், ஒருவர் ராஞ்சியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர். ஜேஜே லால்பெக்லுவா மிசோரமைச் சேர்ந்தவர், தோய் சிங் மணிப்பூரைச் சேர்ந்தவர், கிரெகரி இங்கிலாந்துக்காரர். 2018இல் இறுதியாட்டத்தில் கோல் போட்ட ரஃபேல் அகுஸ்தோ, 2019இல் அன்று தோற்ற பெங்களூரு அணிக்கே ஆடப் போய்விட்டார். வீரர் மாறுகிறார், பயிற்சியாளர் மாறுகிறார். மிஞ்சுவது நீலநிறச் சட்டை ஒன்றுதான். அதை நம் அணி என்று சொல்கிறோம்.

பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளில் அன்யத்துவம் என்று ஒன்று உண்டு. உடலும் உறவும் உடைமையும் ஆன்மாவுக்கு வேறானவை என்று இடைவிடாது நினைத்துப் பார்ப்பது அது. மனைவி மக்களிடத்தில் இதைப் பழகுவது இல்லறத்தானுக்கு எளிதன்று; மனம் துணுக்குறும். நீலச் சட்டையிடத்தில் பழகலாம். ‘எனது’ என்னும் பசை எப்படி, எதன்மீது, எவ்வளவு அற்பமான காரணத்தால் ஒட்டிக்கொள்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்று எனக்கு அகப்படவில்லை. ஒட்டியிருப்பது தெரிகிறது, அது பொய் என்பதும் தெரிகிறது, ஆனாலும் ஒட்டியிருக்கிறது. மோகனீய கர்மத்தைப் பற்றிச் சொற்பொழிவுகளில் கேட்கும்போது விளங்காத ஒன்று பன்னிரண்டாவது தோல்வியின்போது விளங்கிவிடுகிறது.

தோற்கும் அணியை விட்டு நீங்காமல் இருப்பது ஒரு நற்குணம் அல்லவா என்று கேட்கலாம். பெர்லின் நகரத்து டாஸ்மானியா அணி, 1965-66 பருவத்தில் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கில் 34 ஆட்டங்களில் 28இல் தோற்றது. முதல் ஆட்டத்துக்கு 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்த அதே பெரிய அரங்கில் 1966 ஜனவரியில் ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 827 பேர். இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தில் 2007-08 பருவத்தில் டர்பி கவுன்ட்டி அணி 38 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது. 11 புள்ளிகளே பெற்றது. அதன் சொந்த மைதானத்துக்கோ சராசரியாக 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கடைசிவரை வந்துகொண்டே இருந்தார்கள். இவ்விரு கூட்டத்துள் எதை நம் மனம் மதிக்கிறது என்று சொல்ல வேண்டுவதில்லை. நற்காட்சியின் எட்டு அங்கங்களில் தளர்ந்தவரைத் தாங்கி நிறுத்தும் ஸ்திதிகரணத்தையும் அன்பாகிய வாத்சல்யத்தையும் இதற்குச் சான்றாகக் காட்டும் ஓர் அன்பர் எனக்குத் தெரியும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அவ்விரண்டும் அறவழியில் நிற்போரைப் பற்றியவை. பதினொருவர் பந்து உதைப்பதற்கு அவற்றை இழுப்பது முறையன்று. மேலும் இந்த விசுவாசத்துக்குள்ளேயே ஒரு கண்ணி உண்டு. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், நான் நின்றேன் என்று சொல்லத் தொடங்கும் கணத்தில் அங்கே மானம் வந்து அமர்ந்துகொள்கிறது. வெற்றியினால் வரும் செருக்கு ஓரிரு நாளில் தணியும். தோல்வியைத் தாங்கினேன் என்னும் செருக்கு ஆயுள் முழுவதும் நிற்கக்கூடியது.

வெற்றியும் தோல்வியும் கஷாயத்துக்கு ஒரே விறகுதான் என்பதற்கு இந்த ஊரின் கதையே போதும். 15ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் அவையில் அதிமதுர கவிராயர் முதலான புலவர்களோடு காளமேகப் புலவர் போட்டியிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. யமகண்டம் என்னும் கொடிய சோதனையில், தவறினால் உயிர் போகும் என்ற நிலையில் அமர்ந்து, கேட்டதையெல்லாம் பாடி வென்றார். அத்தோடு அவர் எழுந்து போயிருக்கலாம். வென்றவனுக்குரிய மரியாதையை அரசன் செய்யவில்லை என்று சினந்து, இவ்வூர் மண்மாரியால் அழிக என வசை பாடினார் என்கிறார்கள். ஊர் என்ன செய்தது? விதைத்தவனும் வலை பின்னியவனும் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லையே! (ஊர் இன்றும் இருக்கிறது, மாசிமகத்துக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் இக்கடற்கரைக்கு ஆண்டுதோறும் வந்து போகிறார்.)

இதனோடு நம் ஆதிபுராணத்தை வைத்துப் பார்க்கவேண்டும். பரதனும் பாகுபலியும் படைகளோடு எதிர்நின்றபோது, இரு தரப்பு அமைச்சர்களும் கூடி, படைகள் மடிவானேன், நீங்கள் இருவரும் நேருக்கு நேர் போட்டியிடுங்கள் என்றார்கள். இமையாமல் நோக்கும் திருஷ்டி யுத்தம், நீரை வாரி இறைக்கும் ஜல யுத்தம், மல்யுத்தம் என மூன்று நடந்தன. ஆயிரக்கணக்கான வீரர்கள் சுற்றிநின்று பார்த்தார்கள். அவர்களில் எவரும் இறக்கவில்லை. போரைப் போட்டியாக மாற்றி உயிர்களைக் காத்த இந்த ஏற்பாட்டை நாம் கோமடேசுவரரை வணங்கும்போதெல்லாம் மறைமுகமாகப் போற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே போட்டி என்பதே பாவம் என்று கூறுவோர் இந்தப் பகுதியை மீண்டும் படிப்பது நல்லது. மூன்றிலும் வென்றவர் பாகுபலி. தோற்ற பரதன் சினம் தாங்காமல் விதியை மீறிச் சக்கரத்தை ஏவினான். வென்றவனின் சினம் காளமேகத்திடம். தோற்றவனின் சினம் பரதனிடம். வென்ற பின்னும் வெற்றியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர் பாகுபலி ஒருவரே. அவருக்குங்கூட, நிற்பது பரதனின் நிலம் என்ற சிறு உறுத்தல் ஓராண்டு தவத்துக்குப் பின்னும் அகலாமல் கேவலஞானத்தைத் தடுத்து நின்றது என்று வழிவழியாகச் சொல்வதுண்டு.

இனிப் பெரியவர்களுக்கு என் விடை. அபத்தியானம் வேண்டாம் என்ற அதே தத்துவார்த்த சூத்திரம் நான்கு பாவனைகளையும் சொல்லியிருக்கிறது. எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி, குணத்தில் மிக்கவரிடத்து பிரமோதம், துன்புறுவோரிடத்து காருண்யம், நெறி கொள்ளாதவரிடத்து மாத்தியஸ்தம். இவற்றுள் பிரமோதம் என்பது பிறர் சிறப்பைக் கண்டு உள்ளம் மலர்தல். தோற்கும் அணியின் ரசிகனுக்கு இதைப் பழகும் வாய்ப்பு வாரந்தோறும் வருகிறது, ஏனெனில் நல்ல ஆட்டம் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஒக்பெச்சே போட்ட மூன்று கோல்களையே எடுத்துக்கொள்வோம். பந்து வருமுன்பே அவர் போய் நிற்கும் இடம், காவலர்களுக்கு இடையே அவர் கண்டுகொள்ளும் சந்து, அவசரமின்மை. வயது முப்பதைக் கடந்தவர். சென்னை ரசிகன் என்ற நினைவை ஒரு நிமிடம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அது மகிழத்தக்க காட்சி. ஒதுக்க முடியாவிட்டால் அது வெறும் 3-4.

தொலைக்காட்சியை அணைத்துவிட்ட வீட்டில் இந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. எந்தப் பக்கமும் சாராமல் பார்ப்பவனுக்கும் இது கடினமில்லை. எனவே அவனுக்கு அதனால் பெரிய ஆதாயமும் இல்லை. பற்று ஒன்று இருந்து, அந்தப் பற்றுக்கு எதிராகவே ஒருவரின் குணத்தை மெச்ச நேரும்போதுதான் மனம் சிறிது அசைகிறது.

இதை வைத்துக்கொண்டு ராகமே இல்லை என்று வாதிட நான் முன்வரவில்லை. ராகம் ராகமே. ஆனால் முனிவரின் மகாவிரதம் வேறு, இல்லறத்தானின் அணுவிரதம் வேறு. பரிக்கிரகத்துக்கு அளவு வகுத்துக்கொள்வது போல இதற்கும் வகுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும். அந்திக்கு முன்பே உணவு முடிந்துவிடுவதால் அதற்கு முன் சாமாயிகத்துக்கு நேரம் கிடைக்கிறது. ஆட்டத்தின்போது எந்த வீரரையும் நடுவரையும் பெயர் சொல்லி வசைபாடக் கூடாது. எதிரணி வீரர் காயமுற்று விழுந்தால் கைதட்டக் கூடாது. இதைச் சிறுவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால்தான் பூஜ்யபாதரின் கூர்மை விளங்குகிறது. இறுதி ஊதலுக்குப் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு இல்லை. இந்தக் கடைசி விதி தோற்ற நாளில் எளிது, வென்ற நாளில் கடினம்.

பருவங்கள் மாறி மாறி வந்தன. 2019-20இல் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை, கிரெகரி விலகினார், ஓவன் காயில் வந்தார், அதே அணி 2020 மார்ச் 14 அன்று இறுதியாட்டத்தில் நின்றது. பெருந்தொற்றின் காரணமாகக் கோவாவின் ஃபதோர்தா அரங்கில் பார்வையாளர் ஒருவரும் இல்லை. ஏ.டி.கே. அணியிடம் 1-3 எனத் தோற்றார்கள். எவருடைய விருப்பமும் வெறுப்பும் வந்து மோதாத அந்த வெற்று இருக்கைகளின் நடுவே வீரர்களின் குரலும் பந்தின் ஓசையும் தனித்துக் கேட்டன. அவர்கள் ஓடிய ஓட்டத்தில் குறைவேதும் தெரியவில்லை. 2024-25இல் மீண்டும் சரிவு. பதின்மூன்று அணிகளில் பதினோராவது இடம்.

அந்த 9 புள்ளிப் பருவத்தின் இரண்டாவது வெற்றியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். 2019 பிப்ரவரி 9 அன்று சென்னையில், பட்டியலின் அடியில் இருந்த அணி, உச்சியில் இருந்த பெங்களூருவை 2-1 என வென்றது. அதுவரை வறண்டிருந்த ஜேஜே ஒரு கோல் போட்டார். எங்கள் வீட்டில் அன்று எழுந்த கூச்சல் அண்டை வீட்டாரை வாசலுக்கு வரவழைத்தது. அந்த மகிழ்ச்சியில் நல்ல ஆட்டத்துக்கு உரியது எவ்வளவு, பெங்களூரு தலைகுனிந்ததற்கு உரியது எவ்வளவு என்று அன்றைய பிரதிக்கிரமணத்தில் பிரித்துப் பார்க்க முயன்றேன். கணக்கு அன்றும் நேர்ப்படவில்லை, பிறகும் நேர்ப்படவில்லை. அடுத்த மாதம் பெங்களூரு அணியே பட்டம் வென்றது.